மாமா ஒப்பிடாத ஒன்பதாம் காட்சி

சாலிகிராமம், சென்னை
9 ஜனவரி 2025

அன்புள்ள கோதண்டபாணி மாமாவுக்கு,

தீபா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன் செய்திருப்பேன். ஆனால் காதில் வைத்துப் பேசினால் உங்களுக்குக் கேட்காது, ஸ்பீக்கரில் போட்டால் ஆம்பூர் பஜாருக்கே கேட்கும். இது பஜாருக்குத் தெரிய வேண்டாத விஷயம். அம்மாவுக்கும்தான். தெரிந்தால், "இதுக்குத்தான் பேங்க் பரீட்ச எழுதுடின்னேன்" என்று ஆரம்பித்துவிடுவார்.

இத்துடன் ஒரு பென் டிரைவும் நான் எழுதிய திரைக்கதையின் நகலும் இருக்கின்றன. 'எண்ணாமல் விட்ட தோல்'. இருபத்து மூன்று காட்சிகள், பேய்க்கதை. தோல் பதனிடும் பெரிய டிரம்முக்குள் தோல் ஏற்றும்போது கடைசித் தோலை எண்ணக்கூடாது, அது 'விருந்தாளி', எண்ணினால் டிரம்முக்குள்ளிருந்து எண்ணியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் என்று எனக்கு ஒன்பது வயதில் சொன்னீர்களே, உங்கள் டேனரியின் அந்த வழக்கத்தை வைத்து எழுதியது. என்னோடு படித்த ஜெயப்பிரகாஷ் அதைப் படிக்க வாங்கிப் பதினெட்டு நிமிடக் குறும்படமாக எடுத்தான். 'ஏழாம் நம்பர் டிரம்' என்று பெயர் வைத்தான். யூடியூபில் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். முடிவில் 'கதை, திரைக்கதை, இயக்கம்: ஜெயப்பிரகாஷ்' என்று வருகிறது. என் பெயர் நன்றிப் பட்டியலில் பதினான்காவது, டீ கொடுத்தவருக்குக் கீழே.

கேட்டதற்கு, "நீ ஐடியாதான குடுத்த?" என்றான். எழுத்தாளர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். படத்தையும் திரைக்கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்பார்கள். நான் டேனரிக்குள் வந்ததெல்லாம் உங்களுக்குச் சாப்பாட்டுக் கூடை தூக்கி வந்த நாட்களில்தான். நீங்கள் இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் நான் தடுமாறாமல் பேசுவேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி மாமா: 'திரைக்கதை: தீபலட்சுமி'.

அத்தைக்கு என் அன்பு.
தீபா


ஆம்பூர்
20 ஜனவரி 2025

பதினெட்டு நிமிடப் படம் ஒன்றால் பஞ்ச பூதங்களும் கலங்கிப்போயிருக்கும் இவ்வேளையில், மருமகள் தீபலட்சுமிக்கு மாமன் கோதண்டபாணி ஆசீர்வதித்து எழுதுவது: நான் நலம், என் வலது காது நலம், உன் அத்தை ஜெயம்மாளின் வலது முழங்கால் நலம். இடது பக்கத்து விவரங்களைக் கேட்காதே. உன் சாப்பாடு, தூக்கம், தலைமுடி இவற்றின் நிலவரத்தை மறுகடிதத்தில் தெரிவிக்கவும்.

படம் பார்த்தேன். டேனரிக்காரர்களுக்கு ரப்பர் கம்பூட் விற்கும் நம்ம கடைக்குப் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் ஜான்சனின் கம்ப்யூட்டரில், பட்டப்பகலில், நூற்றெட்டு முறை பார்த்தேன். ஜான்சனைக் கேட்டால் பதினொன்று என்பான். அவனுக்கு எண்ணத் தெரியாது. நான் போட்ட கூச்சலில் ஏலகிரி மலை வடக்கே ஒரு அங்குலம் நகர்ந்துவிட்டது, வனத்துறை இன்னும் வெளியில் சொல்லவில்லை. பயத்தில் போட்ட கூச்சல் இல்லை அம்மா. ஆத்திரத்தில்.

பதினெட்டு நிமிடத்தில் ஒரு ஜோடி கம்பூட் இல்லை! அந்தப் பெண் வெறுங்காலில், கொலுசு போட்டுக்கொண்டு டிரம் ஹாலில் நடக்கிறாள். உன் முதல் காட்சியில் என்ன இருக்கிறது? 'தன் காலுக்கு இரண்டு சைஸ் பெரிய கம்பூட்டில் சளக் சளக்கென்று வருகிறாள்.' இந்த வரிக்காகவே உனக்குச் சிலை வைக்கலாம், அதுவும் கம்பூட்டோடு.

மூன்றாம் காட்சி. நீ எழுதியதில் அவள் வேலை முடிந்து வீட்டு வாசலை மிதித்ததும் அம்மாக்காரி ஒரு வார்த்தை பேசாமல் வெந்நீர் எடுத்து வைக்கிறாள். நாற்றம் என்ற சொல்லே இல்லாமல் நாற்றம் வந்துவிட்டது. படத்தில் கர்சீப்பால் மூக்கைப் பொத்துகிறாள். நம்ம ஊரில் மூக்கைப் பொத்துகிறவன் வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வருகிறவன்தான், அவனும் இரண்டாம் நாள் விட்டுவிடுவான்.

ஐந்திலிருந்து எட்டு வரை நடக்கும் இடம் டேனரியே இல்லை. தரையில் உமி கிடக்கிறது, தீபா! அது காவேரிப்பாக்கம் பக்கத்து ரைஸ் மில் என்று என் அனுபவம் சொல்கிறது. டிரம் தெர்மாகோல். சுற்றும்போது பழைய கதவு மாதிரி கிரீச்சிடுகிறது. நிஜ டிரம்மில் ஈரத்தோல் மேலே போகும், தொப்பென்று விழும், மறுபடி மேலே போகும். அந்தச் சத்தத்துக்குத்தான் ஒரு காதைக் காணிக்கையாகக் கொடுத்தேன். நீ 'உள்ளே யாரோ பெருமூச்சு விட்டுப் படுக்கிற மாதிரி' என்று எழுதியிருக்கிறாய். கூடையோடு வாசலில் நின்ற குட்டிப் பெண் இதையா கேட்டுக்கொண்டிருந்தாய்?

ஜான்சன் கடையைச் சாத்துகிறான். இவ்வளவுக்கும் மேல் எழுதினால் தபால்காரருக்கு முதுகுவலி வரும்.

இப்படிக்கு, உன் தாய்மாமன், டிரம் ஹாலின் முன்னாள் சக்கரவர்த்தி,
கோதண்டபாணி


ஆம்பூர்
2 பிப்ரவரி 2025

தலைமுடி உதிர்வதாக உன் அம்மாவிடம் சொன்னாயாமே, அந்தச் செய்தி கேட்டுத் துடித்துப்போயிருக்கும் மாமன் எழுதுவது. கரிசலாங்கண்ணி எண்ணெய் சென்னைக்கு வரும் பூங்காவனத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். தேய்த்தால் மூன்றாம் நாள் கூந்தல் சாலிகிராமத்திலிருந்து வடபழனி வரை வரும், ஜாக்கிரதை.

பத்தாம் காட்சியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அங்கிருந்து பதினாறு வரை அவன் ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. உன் தாளில்:

"எத்தினி?"
"முப்பத்தாறு."
"அப்ப உள்ள இன்னொன்னு இருக்குதே?"
"அத்த எண்ணாத."

படத்திலும் இதேதான், பெருமூச்சு உட்பட. கடைசித் தோலை இடது கையால் தொட்டு உள்ளே தள்ளுவதுவரை அப்படியே இருக்கிறது. பக்க எண்ணோடும் நிமிடத்தோடும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், சங்கத்தில் காட்டு.

பதினேழில்தான் வேறு வழியில் போகிறான். நீ பேயைக் காட்டவே இல்லை. டிரம்முக்குள்ளிருந்து மூன்று தட்டல், அவள் பெயர், அப்புறம் அவள் அம்மா குரலில், "சாப்ட்டியா?" இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் அத்தை சாப்பிடக் கூப்பிட்டபோது நான் எழுந்து போகவில்லை. படத்தில் இருபது வயலின் கதற, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளைப் புடவையில் ஒருத்தி வருகிறாள். டேனரியில் வெள்ளைப் புடவையா? குரோம் தண்ணீர் பட்டால் நீலமாகிவிடுமே! அந்தத் தண்ணீரில் ஊறிய தோலுக்கே 'ப்ளூ' என்றுதான் பெயர். முறைப்படி பார்த்தால் ஆம்பூர்ப் பேய் நீலமாகத்தான் வரவேண்டும். இருபதாம் காட்சியில் எலுமிச்சம்பழத்தோடு வருகிற மந்திரவாதி உன் தாளில் இல்லவே இல்லை. அவனுக்கும் கம்பூட் இல்லை.

ஒன்று மட்டும் படத்தில் மேல். அந்தப் பெண் 'முப்பத்தேழு' என்று வாய்விட்டு எண்ணிவிட்டு, எண்ணியதை விழுங்கப் பார்க்கிற முகம். அது தாளில் வராது, முகத்தில்தான் வரும். இதைச் சொல்லாவிட்டால் என் நேர்மைக்கு இழுக்கு. நேர்மை என்று நான் எழுதுவதை எட்டிப் பார்த்து உன் அத்தை சிரிக்கிறாள்.

என் தீர்ப்பு: உடம்பு உன்னுடையது, சட்டை அவனுடையது, அந்தச் சட்டையிலும் உமி.

நீ நன்றாகச் சாப்பிடு.
கோதண்டபாணி


சாலிகிராமம்
14 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

எண்ணெய் வந்தது. கூந்தல் இன்னும் கோடம்பாக்கத்தைத் தாண்டவில்லை. உங்கள் இரண்டு கடிதங்களையும் பஸ்ஸில் படித்து நான் சிரித்த சிரிப்பில், பக்கத்து சீட் அம்மா இறங்கிப் போய்விட்டார்.

முதல் விசாரணை முடிந்தது. சங்கச் செயலாளர் ஹேமலதா உங்கள் தனித்தாளை வரி வரியாகப் பார்த்தார். ஜெயப்பிரகாஷ் அசரவில்லை. "மேடம், இது ஆம்பூர்ல எல்லா டேனரிலயும் இருக்கற வழக்கம். நானே ரிசர்ச் பண்ணேன். ஊர் வழக்கத்துக்கு ஓனர் யாரு? டயலாக்கெல்லாம் நாங்க சேர்ந்து உக்காந்து பேசினது" என்றான். எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் என்றால் சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியாதாம். என் வீட்டிலிருந்து மட்டும் வந்தது என்றால் தீர்ப்பு மாறும். ஏப்ரல் முப்பதுக்குள் எழுத்தில் சாட்சி வேண்டும். உங்கள் டேனரியில் மட்டும் இருந்த வழக்கம், எனக்கு நீங்கள்தான் சொன்னீர்கள் என்று எழுதி, கூட வேலை செய்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். இது இல்லாவிட்டால் நான் பதினான்காவது பெயர்தான்.

இன்னொன்று. ஒன்று முதல் எட்டு எழுதினீர்கள், பத்து முதல் இருபத்து மூன்று எழுதினீர்கள். ஒன்பது எங்கே? தோல் ஏற்றுகிற ஒவைஸ் என்ற லோடர் விருந்தாளியை எண்ணிவிடுகிறான். மேனேஜர் அவனை அனுப்பிவிடுகிறார். வாசலில் நின்று ஒரு பக்கத்துக்குப் பேசிவிட்டுப் போகிறான். மறுநாளிலிருந்து அவன் பெயரையே யாரும் சொல்வதில்லை. ஜெயப்பிரகாஷ் அந்தக் காட்சியையே வெட்டிவிட்டான். கொலுசைப் பார்த்தீர்கள், உமியைப் பார்த்தீர்கள், ஓர் ஆளே காணாமல் போனது உங்கள் கண்ணில் படவில்லையா? உங்கள் டேனரியில் லோடராக இருந்த பாஷா பாய் திடீரென்று வேலைக்கு வராமல் போனபோது, "அவரு விருந்தாளிய எண்ணிட்டாரு" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதிலிருந்துதான் அந்தக் காட்சியை எழுதினேன்.

அத்தையை மாடி ஏற விடாதீர்கள்.
தீபா


ஆம்பூர்
24 பிப்ரவரி 2025

விஞ்ஞானத் துறையில் மாபெரும் வெற்றி ஈட்டிய மாமன் மருமகளுக்கு எழுதுவது. அத்தை மாடி ஏறவில்லை. மாடிதான் இறங்கி வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறது.

பேய்ப் புடவை ஆராய்ச்சியை நடத்திவிட்டேன். கடைக்குக் கையுறை வாங்க வருகிற ஒருவரிடம் சொல்லி, என் பழைய வேட்டியைக் குரோம் தண்ணீரில் முக்கியெடுக்கச் சொன்னேன். நாலே நிமிடத்தில் நீலம்! ஒரு துண்டு கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். சங்கத்தில் மேசைமேல் போடு. நீதிமான்கள் எழுந்து நிற்பார்கள். மீதி வேட்டியை உன் அத்தை ஜன்னலுக்குத் திரையாகப் போட்டுவிட்டாள்.

கையெழுத்து விஷயம். டேனரி மூடிப் பத்து வருஷமாகிறது. பழைய ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். பார்க்கிறேன்.

பாஷா பாய் நலம். தினமும் பதினோரு மணிக்கு லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு நம்ம கடையில் டீ குடிக்கிறார். நோன்பு பிறந்தால் ஒரு மாதம் வரமாட்டார்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் நிறையக் குடி.
கோதண்டபாணி


சாலிகிராமம்
3 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

மார்ச் முழுக்கக் காத்திருந்தேன். இரண்டு தபால் அட்டை போட்டேன், பதில் இல்லை. நேற்று அத்தைக்குப் போன் செய்தேன். "அவருக்கு இன்னா ஆச்சுன்னே தெர்லடி. ஒரு வாரமா ஒரு பொய்கூட பேசல. டாக்டர்கிட்ட காட்டலாமான்னு பாக்கறேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உடம்புக்கு ஏதாவதா? உண்மையைச் சொல்லுங்கள். படம் நாலு லட்சத்தைத் தொட்டுவிட்டது. ஒரு பேட்டியில் ஜெயப்பிரகாஷ், 'விருந்தாளி' என்ற சொல் தனக்கு எப்படித் தோன்றியது என்று விளக்குகிறான். அதைப் பார்த்த அன்று எனக்கு ஒரு வரிகூட எழுத வரவில்லை. வேறு கதையும் வரமாட்டேன் என்கிறது. ஏப்ரல் முப்பது மாமா.

ஒன்பதாம் காட்சியில் நான் ஏதாவது தப்பாக எழுதியிருந்தால் அதையாவது சொல்லுங்கள்.

தீபா


ஆம்பூர்
11 ஏப்ரல் 2025

தீபாவுக்கு மாமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை.

எந்த டேனரியிலும் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆம்பூரில் இல்லை, ராணிப்பேட்டையில் இல்லை, உலகத்திலேயே இல்லை. ஜனவரி 2007இல் ஒரு மத்தியானம் நான் இட்டுக்கட்டியது.

நான் அப்போது சூப்பர்வைசர். தோலிலிருந்து சவ்வு எடுக்கும் மெஷினை ஒற்றைக் கையால் ஓட்டுவேன் என்று பெருமை பேசினேன். பேசியதோடு விடாமல், சாப்பாட்டு நேரத்தில் ஹாலில் ஆளில்லாதபோது ஓட்டியும் பார்த்தேன். தோல் கழுத்திலிருந்து வால்வரை கிழிந்தது. மடித்து உப்புக் குவியலுக்குப் பின்னால் ஒளித்தேன். திரும்பினால் நீ கூடையோடு நிற்கிறாய். "மாமா, இது மட்டும் ஏன் தனியா கீது?" என்றாய். "அது விருந்தாளிம்மா. எண்ணக்கூடாது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. நீ கண்ணை விரித்ததைப் பார்த்ததும் டிரம், குரல், இடது கை எல்லாம் வந்துவிட்டன. என் வாயைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே.

சாயங்காலம் ஒரு தோல் குறைந்தது. லோடர்தான் பொறுப்பு. பாஷா, "காலைல நாந்தான் எண்ணுனேன் சார், முப்பத்தேழு" என்றார். மேனேஜர், "அப்ப ஒன்னு நடந்தா போச்சு?" என்றார். நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். அடுத்த மாதம் எனக்கு ஃபோர்மேன் வேலை தருவதாக இருந்தது. நான் பேசவில்லை. தோலை அந்த வாரமே சுண்ணாம்புக் குழியில் புதைத்தேன். நீ பாஷா பாய் எங்கே என்று கேட்டாய், அவர் விருந்தாளியை எண்ணிவிட்டார் என்றேன். யோசித்துப் பார்த்தால் உன்னிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அவர் சரியாக எண்ணினார்.

தோல் எடுத்தவன் என்று பேராகிவிட்டது. அப்புறம் எந்த டேனரியிலும் அவரைச் சேர்க்கவில்லை. என்னை ஃபோர்மேன் ஆக்கினார்கள். டேனரி மூடியபின் இந்தப் பத்து வருஷமாக என் கடையில் அவர் டீ குடிக்கிறார், நான் புளுகுகிறேன், அவர் சிரிக்கிறார். நோன்பு மாதத்தில் அவர் வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது. பெருநாளன்று எப்போதும்போல சேமியாப் பாயசம் கொண்டுவந்தார். என்னால் குடிக்க முடியவில்லை.

உன் காட்சியில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எழுதவில்லை.

சாட்சி எழுதித் தருகிறேன். உன் பெயர் வரும். நல்லபடியாக இரு.
கோதண்டபாணி


சாலிகிராமம்
16 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை, மன்னியுங்கள். கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒன்பது வயதிலிருந்து அந்தக் கதையோடு வளர்ந்தேன். ஹாஸ்டலில் எல்லோருக்கும் சொல்லி பயமுறுத்தியிருக்கிறேன். பாஷா பாயை வழியில் பார்த்தால் 'இவரைத்தான் அது கூப்பிட்டது' என்று நினைத்து நகர்ந்து போயிருக்கிறேன். என் திரைக்கதையில் அவரை எண்ணித் தப்புச் செய்தவனாக எழுதியிருக்கிறேன்.

இது தீர்ப்பைத் திருப்பிவிடும் என்று தெரிகிறது. இல்லாத வழக்கத்தை அவன் எங்கே போய்ப் பார்த்தான்? ஆனால் நீங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை, சரிதானே? சங்கத்தில் படித்தால் நாலு பேருக்குப் போகும், அப்புறம் ஆம்பூருக்கும் வரும். அவர் வேறு யார் வாயிலிருந்தோ கேட்கக்கூடாது. நீங்கள் அவரிடம் சொன்னால்தான் அந்தத் தாளைக் கொடுப்பேன். சொல்லாவிட்டால் ஏப்ரல் முப்பது போகட்டும். அவன் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.

தீபா


ஆம்பூர்
24 ஏப்ரல் 2025

தீபாவுக்கு மாமா எழுதுவது.

நேற்று சொன்னேன். பதினோரு மணி, இரண்டு டீ வந்திருந்தது. "இன்னா பாணி, மூஞ்சி பேஜாராகீது? இன்னிக்கு புளுகு ஸ்டாக் இல்லியா?" என்றார். ஸ்பீக்கர் போடாமல், பஜாருக்குக் கேட்காமல், மெதுவாகச் சொன்னேன். நடுவில் நான் வேடிக்கையாக ஏதோ சேர்க்கப் பார்த்தேன். "வேணாம். நேரா சொல்லு" என்றார். சொன்னேன்.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டம்ளரைப் பாதியோடு வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்று பதினோரு மணிக்கு வரவில்லை.

இத்துடன் சாட்சித் தாள்:

'ஆம்பூரில் வசிக்கும் கோதண்டபாணியாகிய நான், முழு நினைவோடு எழுதிக் கொடுப்பது: விருந்தாளித் தோல் என்ற வழக்கம் எக்காலத்திலும் எந்த டேனரியிலும் இருந்ததில்லை. என் தப்பை மறைக்க, என் மருமகள் தீபலட்சுமியிடம் மட்டும் சொன்ன பொய் அது. அதற்கு இன்னொரு மனிதர் வேலையிழந்தார். அவர் எதையும் எடுக்கவில்லை. அவர் பெயர் மஹபூப் பாஷா. வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் ஏராளம், ஆகையால் இந்தத் தாளை நம்புவது சங்கத்தின் விருப்பம்.'

கடைசி வாக்கியத்தை உன் அத்தை அடிக்கச் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். ஜான்சன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவனுக்குத் திரைக்கதை என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் அழுதான்.

கோதண்டபாணி


சாலிகிராமம்
22 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். ஜெயித்துவிட்டேன்.

ஹேமலதா மேடம் முதலில் தாளைக் காட்டவே இல்லை. "நீங்க ரிசர்ச் பண்ணேன்னு சொன்னீங்களே, எங்க பாத்தீங்க?" என்று அவனைக் கேட்டார். "நாலஞ்சு டேனரில மேடம். வயசானவங்க இடது கையால தொட்டுத்தான் உள்ள உடுவாங்க. என் கண்ணால பாத்தேன்" என்றான். அப்புறம்தான் படித்தார். கடைசி வாக்கியத்தில் யாரோ சிரித்தார்கள். அதற்கு முந்தின நாலு வாக்கியத்துக்கு யாரும் அசையவில்லை. ஜெயப்பிரகாஷ் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். படத்தைத் திரும்ப ஏற்றிவிட்டார்கள். 'திரைக்கதை: தீபலட்சுமி'. திரையில் தனி அட்டையில், நாலு நொடி. அம்மாவுக்குக் காட்டினேன். "டீ குடுத்தவரு பேரு இப்ப எங்க?" என்று கேட்டார், எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறார்.

சங்கத்தின் இதழில் மூலத் திரைக்கதையை அச்சிடப் போகிறார்கள். ஜூன் இருபதுக்குள் திருத்தம் இருந்தால் கொடுக்கலாம். ஒன்பதாம் காட்சியை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அவர் வந்தாரா?

தீபா


ஆம்பூர்
9 ஜூன் 2025

தனி அட்டையில் நாலு நொடி ஜொலிக்கும் மருமகளுக்கு மாமன் எழுதுவது. அந்த நாலு நொடியை நிறுத்தி நிறுத்தி ஜான்சன் கடையில் ஒரு மணி நேரம் பார்த்தேன். நாங்கள் சுகம். அத்தை நேற்று மாடி ஏறினாள்.

எடுக்காதே. பாஷா பாய் இன்று வந்தார். நாற்பத்தேழு நாள் கழித்து. உட்காரவில்லை.

"அந்தப் பொண்ணு எழுதினத எடு."

"படமா?"

"படத்துலதான் நான் இல்லியே. எழுதினத."

ஒன்பதாம் காட்சியை வாசித்துக் காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னார். லோடர் வாசலில் நின்று பேசுகிற அந்த ஒரு பக்க வசனத்தில், 'என் கையைப் பாருங்கள், இது உழைத்த கை' என்று வருமே, அங்கே நிறுத்தினார்.

"இவ்ளோ நான் பேசலியே பாணி. ஒரு வார்த்த பேசல. என் மாத்துச் சட்ட ஆணில தொங்கிக்கினு இருந்துச்சு. அத்த எடுக்கலாமா வேணாமான்னு நின்னேன். எடுத்தா, அதையும் திருடிக்கினு போறான்னுவாங்களோன்னு உட்டுட்டு வந்துட்டேன். ஈரத் துணியோட வூட்டுக்குப் போனேன். குளிரு வேற. அத எழுதச் சொல்லு."

டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தார், கொஞ்ச நேரம். சிரிக்கவில்லை. நானும் எதுவும் புளுகவில்லை. பிறகு போய்விட்டார். நாளை வருவாரா என்று தெரியாது.

வசனம் முழுவதையும் அடித்துவிடு. சட்டை எப்படி இருந்தது என்று எழுத வேண்டியிருக்கும் உனக்கு. அவரைக் கேட்டேன், மறந்துபோச்சு என்றார். எனக்கு மறக்கவில்லை. பக்கத்து ஆணி என்னுடையது. பழுப்பு நிறம், அரைக்கை, இடது தோளில் வெள்ளை நூலால் தையல் போட்டிருந்தது. மூன்று நாள் தொங்கியது. முப்பது என்று எழுதக் கை போயிற்று. மூன்றுதான்.

கோதண்டபாணி